மீளாய்வு இதழ் வேறு, மதிப்பாய்வு வேறு

இந்த மாதத்தில் இது மூன்றாவது. விலங்கியலில் இரண்டாம் ஆண்டு ஆய்வு மாணவி ஒருவர், பட்டுப்புழுவின் குடல் நுண்ணுயிரிகள் பற்றித் தாம் எழுதிய மீளாய்வுக் கட்டுரை மூன்றே நாளில் ஏற்கப்பட்டுவிட்டது என்ற மகிழ்ச்சியோடு எங்கள் நூலகத்துக்கு வந்து, வெளியீட்டுக் கட்டணத்தை ஆய்வு நிதியிலிருந்து கட்டலாமா என்று கேட்டார். மின்னஞ்சல் அவரைப் ‘பெருமதிப்பிற்குரிய பேராசிரியர்’ என்று விளித்திருந்தது. மதிப்பாய்வாளர் குறிப்பு என்று இணைத்திருந்த தாளில், கட்டுரை நன்று, ஆங்கிலத்தைச் சற்றுத் திருத்தவும் என்ற ஒற்றை வரிதான் இருந்தது.

இது போலி இதழோ என்று நான் ஐயப்பட்டபோது அவர் சொன்ன பதில்தான் இதை எழுதவைத்தது: “ரிவ்யூ ஜர்னல்தானே சார், ரிவ்யூ பண்ணித்தானே போடுவாங்க?”

இதை விளக்கி விளக்கி வாய் வலித்துவிட்டது. இருந்தாலும் இன்னொரு முறை சொல்கிறேன். பியர் ரிவ்யூ என்கிற துறை வல்லுநர் மதிப்பாய்வு ஒரு நடைமுறை. எந்த வகை ஆய்வுக் கட்டுரையும் அதைக் கடந்துதான் வர வேண்டும். ரிவ்யூ ஆர்ட்டிகிள் என்கிற மீளாய்வோ கட்டுரையின் வகை. அதில் புதிய சோதனை எதுவும் இராது; ஒரு சிக்கலைப் பற்றிப் பல ஆய்வகங்கள் கண்டவற்றைத் திரட்டி, எவை நிற்கின்றன, எவை ஒன்றோடொன்று முரண்படுகின்றன, எது இன்னும் விடைகாணப்படவில்லை என்று எடைபோடுவதே அதன் வேலை. இதழின் பெயரில் ‘ரிவ்யூ’ இருந்தால், அது எதை வெளியிடுகிறது என்று தெரியுமே தவிர, வந்ததை யாராவது படித்துப் பார்த்தார்களா என்று தெரியாது.

ஸ்டான்ஃபோர்டில் உயிர்வேதியியல் கற்பித்த ஜே. மர்ரி லக், குவிந்துகொண்டிருந்த கட்டுரைகளைத் தொடர்ந்து படிக்க முடியாமல் திணறியதால்தான், அந்தந்தப் பகுதியில் வல்லவர்களைக் கொண்டே ஆண்டுதோறும் தொகுத்து எழுதவைக்கும் எண்ணத்துக்கு வந்தார். ‘ஆனுவல் ரிவ்யூ ஆஃப் பயோகெமிஸ்ட்ரி’யின் முதல் தொகுதி 1932-இல் வந்தது. இன்றும் அவ்வகை இதழ்களில் ஆசிரியர் குழுவே தலைப்பைத் தீர்மானித்து, அதில் நெடுங்காலம் உழைத்தவரை அழைக்கிறது. இந்த அழைப்பு மரபைத்தான் பணம் பறிக்கும் போலி இதழ்கள் வேடமாகப் போட்டுக்கொள்கின்றன. கட்டணம் கேட்பதாலேயே ஓர் இதழ் போலியாகிவிடாது. யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய திறந்த அணுக்க இதழ்கள் பலவும் கேட்கின்றன, ஆனால் தொகையைத் தளத்திலேயே முன்கூட்டிச் சொல்லிவிடுகின்றன. விருந்துக்கு அழைத்துவிட்டு, சாப்பிட்டு எழுந்த பிறகு இலைக்குக் காசு கேட்பவரைத்தான் நம்பக் கூடாது.

மதிப்பாய்வு நடந்துவிட்டால் மட்டும் எல்லாம் சரியாகிவிடுமா என்றால், அதுவும் இல்லை. 2024 பிப்ரவரியில், விந்தணுக்களை உருவாக்கும் குருத்தணுக்கள் பற்றிய ஒரு மீளாய்வுக் கட்டுரை, செயற்கை நுண்ணறிவு வரைந்த எலியின் பூதாகாரமான பிறப்புறுப்புப் படத்தோடும் பொருளற்ற எழுத்துக் குறிப்புகளோடும் மதிப்பாய்வைத் தாண்டி வெளிவந்து, உலகமே சிரித்த பின் சில நாட்களில் திரும்பப் பெறப்பட்டது.

அப்படியானால் ஓர் இதழை எப்படிச் சரிபார்ப்பது? ஐ.எஸ்.எஸ்.என். என்பது இதழின் அடையாள எண். தரச் சான்று அன்று. இதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்று சொல்லும் இம்பாக்ட் ஃபாக்டரை இதழின் முகப்பில் பார்த்து நம்பாமல், அதைக் கணக்கிடும் கிளாரிவேட் நிறுவனத்தின் பட்டியலில் தேடுங்கள். ஆசிரியர் குழுவில் பெயர் உள்ளவரின் பல்கலைக்கழகப் பக்கத்தைத் திறந்து, அவர் இந்த இதழைக் குறிப்பிட்டிருக்கிறாரா என்று பாருங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி ஏற்ற இதழ்களைக் காட்டிய யுஜிசி-கேர் பட்டியலும் 2025-இல் கைவிடப்பட்டுவிட்டதால், இந்தச் சரிபார்ப்பை உங்களுக்காக வேறு யாரும் செய்யப்போவதில்லை. முனைவர் பட்டத்துக்குக் கட்டுரை வெளியீடு கட்டாயம் என்ற விதியை யுஜிசி 2022-லேயே நீக்கிவிட்டது. உங்கள் பல்கலைக்கழகம் தனியாக வலியுறுத்துகிறதா என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அதன் பிறகு பதறுங்கள். கைடிடம் காட்டாமல் எதையும் அனுப்பாதீர்கள்; தயவுசெய்து.

அந்த மாணவி கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக எழுதியதும், அதற்கும் ஒரு கட்டணம் உண்டென்று பதில் வந்தது. நல்ல வேளையாகப் பதிப்புரிமைப் படிவத்தில் அவர் இன்னும் கையெழுத்திடவில்லை. பணம் கட்டாமல், அஞ்சல்களை அழிக்காமல் வைத்துக்கொள்ளச் சொன்னேன். கட்டுரையை வாங்கிப் படித்த அவருடைய கைடு, ஆய்வேட்டின் இரண்டாம் அதிகாரத்துக்கு அதை விரிவாக்கித் தரச் சொல்லியிருக்கிறார்.