மூக்கில் சுற்றும் இன்ஜின்

முதல் உலகப் போர்க் காலத்து விமானம் ஒன்றைப் புறப்படத் தயார் செய்யும் வீடியோவை அனுப்பி, வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ப்ரொப்பெல்லர் சுற்றுவது சரி. அதற்குப் பின்னால் மொத்த இன்ஜினும் சேர்ந்து சுற்றுகிறதே, இது கேமரா வேலையா?"

கேமரா வேலை இல்லை. நிஜமாகவே ஒன்பது சிலிண்டர்களும் ப்ரொப்பெல்லரோடு சேர்ந்து நிமிடத்துக்கு ஆயிரத்துச் சொச்சம் தடவை சுற்றுகின்றன. இதற்கு ரோட்டரி இன்ஜின் என்று பெயர். மாஸ்டா கார்களில் வந்த ரோட்டரி வேறு சங்கதி, அதை இங்கே குழப்பிக்கொள்ள வேண்டாம்.

உறிஞ்சு, அழுத்து, வெடி, வெளியேற்று என்ற நான்கு வீச்சுக் கணக்கு பள்ளியில் படித்ததுதான். வழக்கமான இன்ஜினில் சிலிண்டர் அசையாமல் இருக்கும், பிஸ்டனின் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்ட் சுற்றும். பிரான்சின் செகன் சகோதரர்கள் இதைத் தலைகீழாக்கினார்கள். 1909 வாக்கில் அவர்களுடைய நோம் இன்ஜின் பறக்க ஆரம்பித்தபோது, கிராங்க் ஷாஃப்ட் விமானத்தின் உடலோடு இறுக்கப்பட்டிருந்தது. சிலிண்டர்கள் அதைச் சுற்றி ஓடின.

சரி, கிராங்க் ஷாஃப்ட்டே அசையவில்லை என்றால் பிஸ்டன் எப்படி மேலும் கீழும் போகும்? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். ஒரு தாளில் ஒரு புள்ளி வையுங்கள், அது ஷாஃப்ட்டின் மையம். சிலிண்டர்கள் அதைச் சுற்றி வட்டமடிக்கின்றன. அதற்கு 75 மி.மீ. தள்ளி இன்னொரு புள்ளி வையுங்கள். அது கிராங்க் பின், ஷாஃப்ட்டின் மையத்திலிருந்து விலகி நிற்கும் முளை. அதுவும் அசையாது. பிஸ்டன்களின் தண்டுகள் இந்த இரண்டாவது புள்ளியில்தான் கோர்க்கப்பட்டிருக்கின்றன. ஆகவே பிஸ்டன்கள் அதை மையமாக வைத்து வட்டமடிக்கின்றன. மையம் விலகிய இரண்டு வட்டங்கள், அவ்வளவுதான். ஒரு சிலிண்டர் கிராங்க் பின் இருக்கும் பக்கம் வரும்போது பிஸ்டன் அதன் தலையை நெருங்கிவிடும். எதிர்ப்பக்கம் போகும்போது 150 மி.மீ. விலகியிருக்கும். சிலிண்டருக்குள் உட்கார்ந்து பார்த்தால் பிஸ்டன் மேலும் கீழும் ஓடுவதுபோல் இருக்கும். வெளியே நின்று பார்ப்பவருக்கு எதுவுமே முன்னும் பின்னும் போகவில்லை, எல்லாம் சுற்றத்தான் செய்கிறது. அதனால் அதிர்வு மிகக் குறைவு. சுழற்சியைச் சீராக வைக்கும் கனமான ஃப்ளைவீல் சக்கரம் தேவையில்லை, இன்ஜினே ஃப்ளைவீல். நிற்கும்போதுகூடக் காற்று சிலிண்டர்மேல் அடித்துக்கொண்டே இருப்பதால் தண்ணீரும் ரேடியேட்டரும் வேண்டாம். எடை குறைந்தது, விமானம் மேலே போனது.

மேலே சொன்ன அளவுகள் நோமின் 100 குதிரைத்திறன் மோனோசுபாப் இன்ஜினுடையவை. அதில் ஒரு சிலிண்டருக்கு ஒரே வால்வுதான். புகை வெளியேறிய பிறகும் அந்த வால்வு கொஞ்ச நேரம் திறந்தே இருக்கும், பிஸ்டன் இறங்கும்போது அதே வழியாக வெளிக்காற்று உள்ளே வரும். வால்வு மூடியதும் பிஸ்டன் இன்னும் கீழே இறங்கி, சிலிண்டர் அடிப்பக்கத்துத் துளைகளைத் திறந்துவிடும். நடுவில் கிராங்க் ஷாஃப்ட்டை மூடியிருக்கும் பெட்டியான கிராங்க் கேஸில் தேங்கியிருக்கும் பெட்ரோல் ஆவி அந்த வழியாக உள்ளே பாயும். கிராங்க் கேஸில் பெட்ரோல் ஆவியா, தீப்பிடிக்காதா? பெட்ரோல் மிக அதிகமாகவும் காற்று மிகக் குறைவாகவும் இருக்கும் கலவை எரியாது. விமானியின் உயிர் அந்த விகிதத்தை நம்பித்தான் இருந்தது.

கிராங்க் கேஸ் முழுக்கப் பெட்ரோல் ஆவி என்றால் சாதாரண எண்ணெய் அதில் கரைந்து கழுவப்பட்டுவிடும். அதனால்தான் விளக்கெண்ணெய். ஆமணக்கு எண்ணெய் பெட்ரோலில் லேசில் கரையாது, சூட்டையும் தாங்கும். உள்ளே போன எண்ணெய் திரும்பி வராது, புகையோடு வெளியே தெறிக்கும். விமானிகள் சொல்லளவில் அல்லாமல் நிஜமாகவே கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பறந்தார்கள். போரின் கடைசியில் தட்டுப்பாடு வந்து, அமெரிக்க ராணுவம் ஆசியாவிலிருந்து ஆமணக்கு விதை வரவழைத்துத் தன் நாட்டில் ஒரு லட்சம் ஏக்கருக்கு மேல் பயிரிட ஏற்பாடு செய்தது.

இப்போது பழைய விமானங்களை மறுபடி கட்டுகிறவர்களிடம் வருவோம். மரச்சட்டம், அதன்மேல் லினன் துணி, துணியை விறைப்பாக்கப் பூசும் டோப், இழுத்துக் கட்டும் கம்பிகள்: பொறுமையும் கைத்திறமையும் இருந்தால் இவை வந்துவிடும். இன்ஜின்தான் வராது. நூறு வருஷத்துப் பழைய உலோகத்தை நம்பி மனிதரை மேலே அனுப்ப மனசு வராது. புதிதாகச் செய்யலாம் என்றால், நோமின் சிலிண்டர் வார்த்து எடுத்தது அல்ல. முழு எஃகுக் கட்டியை லேத்தில் கடைந்து கடைந்து எடுக்க வேண்டும். முதல் மாடலான ஒமேகாவில் சுவரின் கனம் 1.5 மி.மீ.தான்.

அவ்வளவு மெல்லிய சிலிண்டர் காற்றைக் கிழித்துக்கொண்டு போகும்போது முன்பக்கம் ஆறும், பின்பக்கம் சூடேறும். வட்டம் மெல்லக் கோணும். பிஸ்டனுக்கும் சுவருக்கும் இடையை அடைக்கும் வழக்கமான வார்ப்பிரும்பு ரிங் அந்தக் கோணலுக்கு வளைந்து கொடுக்காது. அதனால் செம்புக் கலவையில் காகிதம்போல் மெல்லிய, எல் வடிவ வளையம் ஒன்றைப் போட்டார்கள். வெடிப்பின் அழுத்தமே அதைச் சுவரோடு ஒட்டி அழுத்தும். அது உடைந்தால் நெருப்பு கீழே இறங்கும். கீழே என்ன இருக்கிறது என்று ஏற்கெனவே சொல்லிவிட்டேன். நியூசிலாந்தின் ஓமாகாவில் ஒரு சிறு பட்டறை மோனோசுபாப் இன்ஜினையே புதிதாகச் செய்து தருகிறது. அங்கே செய்தவர்களுக்கு என் வணக்கம்.

இத்தனை தொல்லை எதற்கு, வேறு இன்ஜின் மாட்டினால் போதாதா? பலர் அதைத்தான் செய்கிறார்கள். ஃபோக்கர் மூவிறக்கை விமானத்தின் நகல்கள் பலவற்றில் இருப்பது அசையாத சிலிண்டர் கொண்ட ரேடியல் இன்ஜின். என்னைக் கேட்டால் ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. சுற்றும் இன்ஜின் ஒரு ராட்சதப் பம்பரம், அதன் அச்சைத் திருப்பினால் அது வேறு திசையில் முரண்டு பிடிக்கும். போர்க்கால ரோட்டரி விமானமான சாப்வித் கேமலை வலப்பக்கம் திருப்பினால் மூக்கு கீழே போகும், இடப்பக்கம் திருப்பினால் மேலே எழும். பயிற்சியில் பலர் செத்தது இதனால்தான், தேர்ந்தவர்கள் சண்டையில் தப்பியதும் இதனால்தான். ரேடியல் போட்ட நகலில் உருவம் இருக்கும், அந்த முரண்டு இருக்காது.

இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் தன்னார்வலர்கள் சிலர் சேர்ந்து பழைய வரைபடப்படி சாப்வித் ட்ரைப்ளேன் ஒன்றைக் கட்டி, அசல் கிளெர்ஜே ரோட்டரியையே மாட்டினார்கள். அந்த வேலையைப் பார்த்த சர் தாமஸ் சாப்வித், இது நகல் அல்ல, தாமதமாக வந்த என் தயாரிப்பு என்று ஏற்று, தன் கம்பெனியின் வரிசையிலேயே எண் கொடுத்தார். 1992-இல் அது பறந்தது. அதைப் பார்க்க அவர் இல்லை, 1989-இல் 101 வயதில் காலமாகிவிட்டார்.

நம் ஊரில் இதற்கெல்லாம் யார் பணம் கொடுப்பார்கள் என்று கேட்பீர்கள். 1910-இல் சென்னையில் ஓட்டல் நடத்திய டி ஏஞ்சலிஸ், சிம்ப்சன் பட்டறையில் விமானம் கட்டவைத்துப் பல்லாவரத்தில் பறந்தார். ஏரோநாட்டிக்கல் துறை வைத்திருக்கும் ஏதாவது ஒரு கல்லூரி அதைக் கட்டிப் பார்த்தால், மாணவர்கள் நாலு செமஸ்டரில் கற்காததைக் கற்பார்கள். ஆனால் மேடைகளில் கைதட்டல் வாங்குவது புராண விமானங்கள்தான். அவற்றைப் பற்றியதாகச் சொல்லப்படும் வைமானிக சாஸ்திரம் என்ற நூலில் உள்ள வடிவங்களை இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வாளர்கள் 1974-இலேயே கணக்குப் போட்டுப் பார்த்து, பறக்காது என்று எழுதிவிட்டார்கள். அதற்குப் பிறகும் பேச்சு நின்றபாடில்லை.

அப்புறம், இந்த இன்ஜின் ஏன் ஒழிந்தது? வேகமாகச் சுற்றச் சுற்ற, சிலிண்டர்கள் காற்றைக் கடையவே சக்தி கரைந்தது. ஜெர்மனியின் சீமென்ஸ் ஒரு குறுக்கு வழி கண்டது: சிலிண்டர்கள் ஒரு திசையில் 900 சுற்று, ஷாஃப்ட் எதிர்த்திசையில் 900 சுற்று. ஆக உள்ளே 1800, வெளிக்காற்றுக்குத் தெரிவது 900. அழகான யோசனை, ஆனால் அதற்குள் போர் முடிந்துவிட்டது.