35 மடங்கு சின்ன டேங்க்ல அழுக்கு எவ்வளவு பெருசா இருக்கணும்?

பார்ட்ஸ் எல்லாம் கச்சிதமா ஒட்டி, கலரும் கரெக்டா அடிச்சு முடிச்ச ராணுவ டேங்க் மாடல் அப்பவும் பொம்மையாத்தான் தெரியும். உருவத்த 35 மடங்கு சுருக்கியாச்சு, ஆனா தண்ணி, தூசி, பெயிண்ட் படலம், நம்ம கண்ணு இதெல்லாம் கூடவே சுருங்கலையே, அதான் காரணம். வெதரிங்னா அழுக்கு பூசுறதுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, என்னைப் பொறுத்தவரை சுருங்காத இந்த விஷயங்கள கையால சுருக்கிக் காட்டுறதுதான் வெதரிங்.

1/35ங்கிற இந்த அளவே 1960களோட தொடக்கத்துல ஜப்பான் மாடல் கம்பெனியான டமியா, ஜெர்மன் பேந்தர் டேங்க மோட்டார்ல ஓடுற மாதிரி பண்ணப்போ, உள்ள பேட்டரி உக்கார இடம் வேணுமேன்னு வந்தது, அப்புறம் மத்த கம்பெனிகளும் அதையே பிடிச்சுக்கிட்டாங்க. இந்த அளவுல 175 செ.மீ. உயர சோல்ஜர் 5 செ.மீ. தான். மாடல 30 செ.மீ. தூரத்துல வச்சுப் பார்த்தா நிஜ டேங்க பத்தரை மீட்டர் தள்ளி நின்னு பாக்குற மாதிரி. இந்தக் கணக்க எப்பவும் மனசுல வச்சுக்கணும், ஏன்னா மாடல்ல 1 மி.மீ.க்கு பெயிண்ட் பேத்து விட்டா அது நிஜத்துல மூன்றரை செ.மீ. காயம், அரை மி.மீ. மணல் ஒண்ண ஒட்டுனா அது பதினேழரை மி.மீ. கல்லு. டயோரமா (மாடல நிக்க வைக்கிற குட்டி காட்சி) தரைக்கு ஆத்து மணல அப்படியே கொட்டுனா ஜல்லி ரோடு மாதிரி தெரியறது இதனாலதான். பெயிண்டும் அப்படித்தான், 0.05 மி.மீ. கனத்துக்கு அடிச்சா நிஜ டேங்க்ல ஒன்றே முக்கால் மி.மீ. கனத்துக்கு பூசுன கணக்கு, ரிவெட்டும் வெல்டிங் கோடும் உள்ள புதைஞ்சுடும். அதனால காத்தால பெயிண்ட தூவுற ஏர்பிரஷ்ல மெல்லிசா ரெண்டு மூணு கோட்டா அடிக்கிறதுதான் நல்லது.

அடுத்தது வாஷ், அதாவது இடுக்குல ஓட விடுற தண்ணி மாதிரியான பெயிண்ட். இடுக்கு, போல்ட் ஓரம் இங்கெல்லாம் நிழல் தெரியணும், ஆனா மாடல்ல அந்த இடுக்கு ரொம்ப நுணுக்கமா இருக்கும், ரூம் வெளிச்சத்துல அந்த நிழல் சரியா கண்ணுக்கு அகப்படாது. அதனால டார்க் பிரவுன் எனாமல் பெயிண்ட ஒயிட் ஸ்பிரிட்ங்கிற தின்னர்ல தண்ணியா கரைச்சு இடுக்குல பிரஷ் நுனியால தொட்டா போதும், விளக்குத் திரியில எண்ணெய் ஏறுற அதே நுண்புழை விசையில கோடு பூரா தானா ஓடிடும். ஒயிட் ஸ்பிரிட்டோட பரப்பு இழுவிசை தண்ணியோடதுல பாதிக்கும் குறைவு, அதனாலதான் முத்து முத்தா நிக்காம பரவுது. நல்லா காஞ்ச அக்ரிலிக் பெயிண்ட அது கரைக்காதுங்கிறதால அடியில இருக்குற கலரும் தப்பிச்சுடும். ஆனா மேல பளபளப்பான க்ளாஸ் வார்னிஷ் அடிச்சிருக்கணும், பளபளப்பில்லாத மேட் பரப்பு சொரசொரப்பா இருக்குறதால வாஷ் இடுக்குல நிக்காம நாலாபக்கமும் ஊறி கறை ஆயிடும்.

பெயிண்ட் உரிஞ்ச மாதிரி காட்ட ஹேர் ஸ்ப்ரே டெக்னிக்தான் எனக்கு ரொம்ப பிடிச்சது. துரு கலர் அடிச்சு வார்னிஷ் போட்டு, அதுமேல ஹேர் ஸ்ப்ரே, அதுமேல டேங்க் கலர் அக்ரிலிக்ல. தொட்டா ஒட்டாத அளவுக்கு காஞ்சதும் தண்ணியால நனைச்சா, அக்ரிலிக் படலத்துல இருக்குற நுண்ணிய துளை வழியா தண்ணி இறங்கி ஹேர் ஸ்ப்ரேவ இளக்கிடும், அப்ப முரட்டு பிரஷ்ஷால லேசா தேய்ச்சா மேல் கலர் மட்டும் ஒழுங்கில்லாம பேந்து வரும், பிரஷ்ஷால வரைஞ்சா அந்த ஒழுங்கின்மை வரவே வராது. அக்ரிலிக் நல்லா இறுகிட்டா தண்ணி உள்ள போகாது, அதனால அன்னைக்கே பண்ணிடணும்.

பெயிண்ட எங்க பேத்து விடறதுங்கிறதுல கொஞ்சம் யோசிக்கணும். கால் வச்சு ஏறுற இடம், ஹேட்ச் மூடி விளிம்பு, கூர்மையான முனை, இங்கதான் பெயிண்ட் போகும். போர்ல ஒரு டேங்க் பல நேரம் சில மாசம் கூட தாக்குப்பிடிக்காது, அதுக்குள்ள உடம்பு பூரா துருப்பிடிக்க நேரமே இல்ல, ஜெர்மன் டேங்க்னா காயத்துல அடிப்பூச்சா இருக்குற சிவப்பு ப்ரைமர்தான் தெரியும். எக்ஸாஸ்ட் பைப் மட்டும் விதிவிலக்கு, சூட்டுல பெயிண்ட் கருகிப் போறதால அது சீக்கிரம் துருப்பிடிக்கும். ட்ராக்ல, அதாவது சக்கரத்த சுத்தி ஓடுற இரும்புப் பட்டையில, தரையில உரசுற முகம் பளபளன்னு இரும்பா இருக்கும், மத்த இடமெல்லாம் பழுப்பு. தீப்பிடிச்சு எரிஞ்ச டேங்க் வேற கதை, பெயிண்டே இல்லாத இரும்பு காத்துல கிடக்கறதால சில நாள்லயே ஆரஞ்சு துரு படிஞ்சுடும், சக்கரத்து ரப்பரும் எரிஞ்சு போயிருக்கும், அதுக்கு பளிச்சுன்னு துரு அடிக்கலாம்.

கடைசியா தூசியும் சேறும். தூசிக்கு பிக்மென்ட் பவுடர்ங்கிற கலர்ப் பொடிதான், துகள் அவ்வளவு நைஸா இருந்தாத்தான் 1/35க்கு பொருந்தும். ஈரச் சேறு ஏன் கருப்பா தெரியுதுன்னா, காஞ்ச மண்ணுல துகளுக்கு நடுவுல காத்து இருக்குறதால வெளிச்சம் நிறைய சிதறி வெளுப்பா தெரியும், அந்த இடத்த தண்ணி நிரப்பிட்டா சிதறல் குறைஞ்சு வெளிச்சம் உள்ள போய் உறிஞ்சப்படும். அதனால ஈரத்துக்கு வெறும் க்ளாஸ் வார்னிஷ் மட்டும் தடவுனா பத்தாது, கலரையும் ஒரு படி இருட்டாக்கணும். சக்கரத்துல அப்புற சேறும் டயோரமா தரையும் ஒரே கலவையில இருக்கட்டும், ரெண்டும் வேற வேற மண்ணா இருந்தா டேங்க யாரோ தூக்கிட்டு வந்து அங்க வச்ச மாதிரி தெரிஞ்சுடும்.