ஓ குரூப் ரத்தமும் சேராத ஓ குரூப்காரர்கள்

“எனக்கும் மனைவிக்கும் ஓ பாசிட்டிவ், பையனுக்கு மட்டும் ஏ பாசிட்டிவ். லேபில் குளறுபடியா?” என்று தாராவியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார். குளறுபடியாகவும் இருக்கலாம், மூவருக்கும் மறுபடி சோதிக்கட்டும். அப்போதும் அதே விடை வந்தால், பெற்றோரில் ஒருவர் ‘பாம்பே குரூப்’பா என்று பார்க்க வேண்டும். 1952-ல் மும்பையில் டாக்டர் ஒய். எம். பெண்டேயும் சகாக்களும் அறிவித்த வகை இது. இந்தியாவில் சுமார் 10,000 பேரில் ஒருவருக்கு உண்டு.

ஏ, பி என்பவை சிவப்பணுவின் மேல் இருக்கும் சர்க்கரைகள். ஆனால் அவை நேரடியாகப் போய் ஒட்டிக்கொள்வதில்லை. முதலில் ஒரு நொதி, சர்க்கரைச் சங்கிலியின் முனையில் ஃபியூகோஸைப் பொருத்த வேண்டும். அதுதான் ஹெச். ஹெச் இருந்தால்தான் ஏ நொதியோ பி நொதியோ தன் சர்க்கரையை ஏற்றும். எதுவும் ஏறாமல் ஹெச் மட்டும் நின்றால் ஓ.

ஹெச்சை உருவாக்கும் எஃப்யூடி1 மரபணு 19-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. ஏபிஓ மரபணு இருப்பதோ 9-ல். நம் நாட்டில் அதிகம் காணும் சடுதிமாற்றத்தில், எஃப்யூடி1-ன் டிஎன்ஏவில் 725-ஆம் எழுத்து ‘டி’ போய் ‘ஜி’ வந்துவிடுகிறது. அந்த ஒரே எழுத்தால், 365 அமினோ அமிலங்கள் கொண்ட நொதியில் 242-ஆவது இடத்தில் லியூசினுக்குப் பதில் ஆர்ஜினின். லியூசின் தண்ணீரை ஒதுக்கும் ஆசாமி. ஆர்ஜினினோ நேர்மின்சுமை உள்ளது. நொதி படுத்துவிடுகிறது; ஹெச் உருவாவதில்லை. இதுதான் பாம்பே குரூப். ஏ மரபணு பழுதில்லாமல் இருந்தும் பயனில்லை: கொக்கி இல்லாத சுவரில் பையை எங்கே மாட்டுவது?

அந்த ஏ மரபணு பிள்ளைக்குப் போய், பெற்றோரில் மற்றவரிடமிருந்து நல்ல எஃப்யூடி1-ம் கிடைத்தால் ஏ வெளியே தெரிந்துவிடும். இது தெரியாமல் தாயைச் சந்தேகித்துப் பஞ்சாயத்து வைப்பவர்களை என்ன சொல்ல!

அன்றாட வாழ்வில் பாம்பே குரூப்காரர்களுக்கு எந்தக் குறையும் இல்லை. சிக்கல் ரத்தம் ஏற்றும்போதுதான். ஹெச்சையே எதிர்க்கும் எதிர்ப்பொருள் இவர்கள் ரத்தத்தில் உடல் வெப்பத்திலேயே வேலை செய்யும். ஓ ரத்தம் ஏற்றினால் சிவப்பணுக்கள் நாளத்துக்குள்ளேயே சிதையும். பாம்பே குரூப் ரத்தம் மட்டுமே சேரும்.

கண்ணாடித் தகட்டில் மூன்று சொட்டு விட்டுப் பார்க்கும் சோதனை இவர்களை ஓ என்றே சொல்லும். ரத்த முகாமில் தரும் கார்டை மட்டும் நம்பக் கூடாது என்பது அதனால்தான். ரத்த வங்கியில் ரிவர்ஸ் குரூப்பிங் (ஒருவரின் சீரத்தை, அதாவது ரத்தத்தின் தெளிநீரை, குரூப் தெரிந்த செல்களோடு சேர்த்துப் பார்ப்பது) செய்யும்போது பிடிபடும்: ஓ செல்களை ஓ குரூப்காரரின் சீரத்தில் விட்டால் திரளாது, இவர்கள் சீரத்தில் திரளும். ஹெச்சைப் பிடித்துக்கொள்ளும் புரதமான ஆன்டி-ஹெச் லெக்டின் விட்டு உறுதிசெய்வார்கள்; அதில் ஓ செல்கள் திரளும், பாம்பே செல்கள் திரளாது.

தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் வரும் எஃப்யூடி1-ன் இரண்டு பிரதியும் பழுதானால்தான் இது வரும். சொந்தத்துக்குள் பெண் எடுக்கும் குடும்பங்களில் வாய்ப்பு கூடுவது அதனால்தான். ஒருவருக்கு உறுதியானால் உடன்பிறந்தவர்கள் எல்லோரையும் சோதியுங்கள்; ஒவ்வொருவருக்கும் குறைந்தது நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு, அவசரத்துக்கு ரத்தம் அங்கேயே கிடைக்கலாம்.