லோடரை மடக்கும் சிறு துளை

கல்குவாரியில் பக்கெட்டால் கல்லை அள்ளிப் போடும் வண்டியான வீல் லோடரின் முன்சக்கரங்கள் கார்ச் சக்கரம்போலத் திரும்புவதில்லை. வண்டியே நடுவில் மடிகிறது. முன்பாதி, பின்பாதி என இரண்டு சேஸிஸ். நடுவே பெரிய பின் (முளையாணி) போட்ட கீல். கீலுக்கு இருபுறமும் ஆளுக்கொரு ஹைட்ராலிக் சிலிண்டர். வலப்பக்கம் திரும்ப இடது சிலிண்டர் நீளும், வலது சிலிண்டர் சுருங்கும். வண்டி எடையே 20 டன்னைத் தாண்டும், பக்கெட்டில் கல் வேறு. இத்தனையையும் ஆபரேட்டர் ஒரு கையால் ஸ்டீயரிங்கைச் சுழற்றி மடக்குகிறார்.

பலம் வரும் வழி எளிதாகப் புரிந்துவிடும். 100 மி.மீ. உள்விட்டமுள்ள சிலிண்டருக்குள் 200 பார் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) அழுத்தத்தில் ஆயில் புகுந்தால், பிஸ்டன் ஏறக்குறைய 16 டன் விசையுடன் தள்ளும். 17ஆம் நூற்றாண்டில் பாஸ்கல் கண்ட விதியே இதற்குப் போதும். கடினமான கேள்வி வேறு: அந்த ஆயில் எந்தப் பக்கம் போக வேண்டும், எவ்வளவு வேகத்தில் போக வேண்டும், எப்போது நிற்க வேண்டும்?

டிராக்டர், ஃபோர்க்லிஃப்ட் போன்ற சிறிய வண்டிகளில் ஸ்டீயரிங் தண்டின் அடியில் ஒரு யூனிட் இருக்கும். மெக்கானிக்குகள் அதை ஆர்பிட்ரால் என்பார்கள். சிலிண்டருக்குப் போகும் ஆயில் முழுவதும் அதன் வழியாகவே போகும். பெரிய லோடரில் நிமிடத்துக்கு 200 லிட்டருக்கும் மேல் ஆயில் ஓட வேண்டியிருக்கும். அதைக் கேபினுக்குள் கொண்டுவந்தால் தடித்த ஹோஸ், சூடு, இரைச்சல் எல்லாம் கூடவே வரும்.

அதனால் வேலையை இரண்டாகப் பிரிக்கிறார்கள். உயர் அழுத்த ஆயில் கேபினுக்கு வெளியே, மெயின் ஸ்டீயரிங் வால்வு வழியாகச் சிலிண்டருக்குப் போகும். கேபினுக்குள் வருவது சுமார் 30 பார் அழுத்தமுள்ள கொஞ்சம் பைலட் ஆயில் மட்டுமே. வயலுக்கு நீர் பாய்ச்சுபவர் தண்ணீரைத் தள்ளுவதில்லை, மடையைத் திறந்து அடைக்கிறார். பைலட் ஆயில் செய்வதும் அதைத்தான். மெயின் வால்வுக்குள் இருக்கும் ஸ்பூல் என்ற எஃகுத் தண்டை அது இடமும் வலமும் நகர்த்துகிறது.

பைலட் ஆயிலை அளந்து அனுப்புவதும் ஆர்பிட்ரால் வகை யூனிட்தான். பரவலாகப் பயன்படும் வடிவத்தில், ஏழு புடைப்புள்ள வளையத்துக்குள் ஆறு பல் ரோட்டார் உருண்டு சுற்றும். ஸ்டீயரிங் ஒரு சுற்றுச் சுற்றினால், பற்களுக்கு இடையிலுள்ள அறைகள் மொத்தம் 42 முறை நிரம்பிக் காலியாகும். ஆகவே எவ்வளவு வேகமாகச் சுழற்றுகிறோமோ அவ்வளவு ஆயில் கணக்காக வெளியேறும். கை நின்றால் ஆயிலும் நிற்கும்.

இனி வருவதுதான் இந்த அமைப்பிலேயே எனக்கு மிகப் பிடித்த பகுதி. அளந்த ஆயில் ஸ்பூலின் ஒரு முனைக்கு வருகிறது. அங்கே முட்டி நின்றுவிடாமல், ஒரு சிறு துளை வழியாக மறுமுனைக்குப் போய்த் திரும்பி டேங்குக்குச் செல்கிறது. துளையில் ஓட்டம் நெருக்கப்படுவதால் ஸ்பூலின் ஒரு முனையில் அழுத்தம் அதிகம், மறுமுனையில் குறைவு. இந்த வித்தியாசம் ஸ்பிரிங்கை அமுக்கி ஸ்பூலை நகர்த்துகிறது. 25 மி.மீ. விட்டமுள்ள ஸ்பூலுக்கு 10 பார் வித்தியாசம் கிடைத்தாலே 50 கிலோ விசை வந்துவிடும்.

ஓட்டம் இரட்டிப்பானால் துளையின் இருபுற அழுத்த வித்தியாசம் நான்கு மடங்காகும். மெல்லத் திருப்பினால் ஸ்பூல் இலேசாக விலகும், வண்டி மெல்ல மடியும். வேகமாகத் திருப்பினால் வழி அகலத் திறக்கும். கையை நிறுத்தியதும் துளையில் ஓட்டம் நின்று இரு முனைகளிலும் அழுத்தம் சமமாகிறது. ஸ்பிரிங் ஸ்பூலை நடுவுக்குத் தள்ளுகிறது. வண்டி மடிந்த கோணத்திலேயே நிற்கிறது. ஒரு சென்சாரோ சர்க்யூட்டோ இல்லாமல், கையின் வேகம் ஒரு துளையில் அழுத்தமாக மாறி 20 டன் இரும்பிடம் போய்ச் சேர்கிறது. எல்லா லோடரிலும் அமைப்பு இதேபோல் இருக்காது. ஆனால் பைலட் ஸ்டீயரிங்கைப் புரிந்துகொள்ள இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

இதோடு ஒரு காவல் ஏற்பாடும் உண்டு. வண்டி முழுக்க மடியும்போது இரண்டு சேஸிஸும் மோதிக்கொள்ளக் கூடாது. கடைசிக் கோணத்தை நெருங்கும்போது கீலருகே உள்ள சிறு வால்வு ஒன்று அழுத்தப்பட்டு, அந்தப் பக்கத்துப் பைலட் லைனை அடைக்கும். ஸ்பூல் நடுவுக்கு வந்து இயக்கம் நின்றுவிடும். எதிர்ப்பக்கம் திருப்ப வழி திறந்தே இருக்கும்.

எஞ்சின் நின்றுபோனால்? நேரடி ஆர்பிட்ரால் உள்ள சிறிய வண்டியை, கை வலித்தாலும், ஸ்டீயரிங்கைச் சுழற்றி ஓரங்கட்டலாம். அந்த யூனிட்டே கைப் பம்பாக வேலை செய்யும். பைலட் வகையில் கையால் வரும் ஆயில் ஸ்பூலை நகர்த்தலாம், ஆனால் மெயின் லைனில் அழுத்தம் இருக்காதே. அதனால்தான் சக்கரம் உருளும்போது ஓடும் பம்போ, பேட்டரி மோட்டார் பம்போ இரண்டாவது ஏற்பாடாக வைக்கப்படுகிறது. மண்வேலை இயந்திரங்களின் ஸ்டீயரிங்குக்கான ஐஎஸ்ஓ 5010 தரநிலை இதையெல்லாம் வரையறுக்கிறது.

ஒரு பக்கம் மட்டும் ஸ்டீயரிங் மந்தமாக இருந்தால், கோளாறு பைலட் பக்கமா மெயின் பக்கமா என்று அறிய எளிய வழி உண்டு. மெயின் வால்வுக்கு வரும் இரண்டு பைலட் ஹோஸ்களை மாற்றிப் போடுவார்கள். இப்போது ஸ்டீயரிங்கை வலமாகச் சுற்றினால் வண்டி இடமாக மடியும். மந்தம் வண்டியின் மறுபக்கத்துக்கு இடம் மாறினால் கோளாறு பைலட் பக்கம். பழைய பக்கத்திலேயே இருந்தால் மெயின் வால்விலோ சிலிண்டரிலோ தேட வேண்டும். இந்தச் சோதனையின்போது கீலருகே யாருமே நிற்கக் கூடாது. வண்டி எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக மடியும். அந்த இடுக்கில் சிக்கினால் உயிர் தப்பாது.

புதிய லோடர்கள் சிலவற்றில் ஸ்டீயரிங்குக்குப் பதில் ஜாய்ஸ்டிக் இருக்கிறது. கையசைவை எலக்ட்ரானிக் பெட்டி படித்து, சிறு சோலினாய்டு (மின்காந்த) வால்வுக்கு மின்னோட்டம் அனுப்புகிறது. பெரிய ஸ்பூலை நேரடியாகத் தள்ள அந்தச் சோலினாய்டுக்குப் பலம் போதாது. வால்வுக்குள் பாயும் ஆயிலே ஸ்பூலை மூடப் பார்க்கும். ஆகவே சோலினாய்டு பைலட் ஆயிலைக் கட்டுப்படுத்துகிறது, பைலட் ஆயில் ஸ்பூலைத் தள்ளுகிறது.