ஐம்பது மீட்டருக்கு எத்தனை விநாடி?

மலேசியாவில், எங்கள் தாமானின் (குடியிருப்புப் பகுதியின்) முதன்மைச் சாலையில் ஒரு மின்கம்பத்துக்கும் அடுத்த மின்கம்பத்துக்கும் இடையே அளவுநாடாவைப் பிடித்துப் பார்த்தபோது, தூரம் சரியாக 50 மீட்டர் வந்தது. கணக்குப் போட இது மிகவும் வசதியான தூரம். ஒரு வண்டி முதல் கம்பத்தைக் கடக்கும்போது கைப்பேசியில் நேரத்தை ஓடவிட்டு, இரண்டாவது கம்பத்தைக் கடக்கும்போது நிறுத்தி, கிடைக்கும் விநாடிகளால் 180-ஐ வகுத்தால், அதன் வேகம் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்பது தெரிந்துவிடும். ஆறு விநாடி என்றால் 30. மூன்று விநாடி என்றால் 60. தமிழ்ப்பள்ளி விடும் நேரத்தில் நான் அளந்த கார் ஒன்று 2.8 விநாடியில் கடந்தது. அதாவது 64. விரல் அழுத்துவதில் ஐந்தில் ஒரு விநாடி பிசகியிருந்தாலும் அந்த வேகம் 60-க்குக் கீழே வராது. ஓட்டி வந்தவர் எங்கிருந்தோ வந்த முரடர் அல்லர். இரண்டு தெரு தள்ளிக் குடியிருப்பவர், தம் பிள்ளையை ஏற்றிச் செல்ல வந்தவர். ஆகவே இது ஒருவருடைய குணத்தைப் பற்றிய கேள்வி மட்டுமன்று. நல்ல மனிதரைக்கூட இந்தச் சாலை ஏன் 64-இல் ஓட வைக்கிறது என்பதுதான் விளங்கிக்கொள்ள வேண்டியது.

முதலில், அந்த வேகம் எவ்வளவு பெரியது என்று பார்ப்போம். திடீரென்று ஒரு குழந்தை சாலையில் இறங்கினால், அதைக் கண்டு, புரிந்துகொண்டு, காலை பிரேக்குக்குக் கொண்டுபோக ஓட்டுநருக்கு ஏறத்தாழ ஒன்றரை விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அதுவரை வண்டி வேகம் குறையாமல் ஓடிக்கொண்டே இருக்கும். 30 கிலோமீட்டர் வேகத்தில் வருபவர் அந்த நேரத்தில் 12.5 மீட்டர் கடந்துவிடுவார். பிறகு உலர்ந்த தாரில் நன்றாகப் பிரேக் பிடித்தால் இன்னும் 5 மீட்டரில் நின்றுவிடுவார். மொத்தம் 17.5 மீட்டர். அதே இடத்தில், அதே குழந்தையைக் கண்ட இன்னொருவர் 40-இல் வந்தால் என்ன ஆகும்? அவருடைய ஒன்றரை விநாடியிலேயே 16.7 மீட்டர் போய்விடுகிறது. முதல் வண்டி நின்ற அந்தப் பதினேழரையாவது மீட்டரில் அவர் இன்னும் 38 கிலோமீட்டர் வேகத்தில் இருப்பார். பத்தே கிலோமீட்டர் வித்தியாசத்தில் ஒருவர் நின்றுவிடுகிறார், மற்றவர் ஏறக்குறைய முழு வேகத்தோடு மோதுகிறார். 60-இல் வருபவரோ அந்த இடத்தைத் தாண்டும்போது பிரேக்கில் கால் வைத்திருக்கவே மாட்டார். இதெல்லாம் காய்ந்த சாலைக்கான கணக்கு. மாலை மழை கொட்டும் நாள்களில் பிரேக் பிடித்த பின் ஓடும் தூரம் இன்னும் நீளும்.

மோதலின் கடுமை வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. வேகம் இரட்டிப்பானால் வண்டி சுமந்துவரும் ஆற்றல் நான்கு மடங்காகும். இதை உயரத்தோடு ஒப்பிட்டால் எளிதாக விளங்கும். ஏறத்தாழ மூன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொடும்போது அதன் வேகம் மணிக்கு 30 கிலோமீட்டராக இருக்கும். 60-க்கு 14 மீட்டர் வேண்டும். எங்கள் வட்டாரத்தினருக்கு அந்த உயரத்தைக் காட்ட எண்ணெய் தரும் செம்பனையே போதும். எங்கள் பெஸ்தாரி ஜெயா இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்ற பழைய பெயரில் இருந்த காலத்தில், 1917-இல், இங்கேயுள்ள தென்னமரம் தோட்டத்தில்தான் இந்நாட்டில் முதன்முதலாக வணிக அளவில் செம்பனை நடப்பட்டது. குலை வெட்ட அரிவாள்கம்பு எட்டாத அளவுக்கு வளர்ந்துவிட்டது என்று இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு சாய்க்கிறார்களே, அந்தக் கிழமரத்தின் உச்சியிலிருந்து விழுவதற்கு ஒப்பானது 60 கிலோமீட்டர் வேகத்தில் அடிபடுவது.

குழந்தைகள் வண்டியைப் பார்த்துக் கடக்க வேண்டியதுதானே என்று கேட்பவர்கள் உண்டு. ஒருநாள் அந்தக் கம்பத்தின் அருகே நான் நேரம் எடுத்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டுச் சிறுவன் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். முதலாம் ஆண்டு படிக்கிறான். தொலைவில் ஒரு கார் வேகமாக வந்துகொண்டிருந்தது. "அங்கிள், அந்தக் காடி நின்னுக்கிட்டுதானே இருக்கு? நாம போலாம்" என்றான். அவன் கவனக்குறைவாகச் சொல்லவில்லை. உற்றுப் பார்த்துவிட்டுத்தான் சொன்னான். அவன் கண்ணுக்கு அது உண்மையிலேயே நின்றுகொண்டிருந்தது.

காரணம் இதுதான். நம் எதிரே குறுக்காகப் போகும் பொருள் இடம் மாறுவதால் அதன் அசைவு உடனே தெரிகிறது. நம்மை நோக்கி நேராக வரும் பொருளோ இடம் மாறுவதில்லை. கண்ணில் விழும் அதன் உருவம் மெல்ல மெல்லப் பெரிதாகிறது, அவ்வளவுதான். அந்தப் பெரிதாதலின் விரைவைக் கொண்டுதான் மூளை அது நெருங்குகிறது என்று உணர்கிறது. இங்கேதான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. ஐந்து விநாடியில் நம்மை வந்தடையப்போகும் கார் 30-இல் வந்தால் 42 மீட்டர் தொலைவில் இருக்கும். 60-இல் வந்தால் 83 மீட்டருக்கு அப்பால் இருக்கும். இரண்டுக்கும் மிச்சமிருப்பது அதே ஐந்து விநாடிதான். ஆனால் தொலைவில் இருப்பதன் உருவம் சிறியது, அது பெரிதாகும் விரைவும் சரிபாதி. ஆக, வண்டி எவ்வளவு வேகமாக வருகிறதோ அவ்வளவுக்கு அது அசையாதது போலத் தோன்றும். லண்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராயல் ஹாலோவே கல்லூரி ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் அளந்து காட்டியது. மணிக்கு 20 மைலுக்கு, அதாவது ஏறத்தாழ 32 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் வரும் வண்டியின் நெருக்கத்தைத் தொடக்கப்பள்ளி வயதுக் குழந்தைகளால் நம்பகமாகக் கண்டறிய முடிவதில்லை. பெரியவர்களின் பார்வைக்கு அந்த எல்லை வெகு தூரம் மேலே இருக்கிறது. குழந்தையிடம் எவ்வளவு எச்சரித்தாலும், இன்னும் முதிராத பார்வைப் புலனை எச்சரிக்கையால் முதிர்விக்க முடியாது. மக்களும் வண்டிகளும் கலந்து புழங்கும் இடங்களில் 30-ஐ உச்ச வேகமாக்க வேண்டும் என்று 2020 பிப்ரவரியில் ஸ்டாக்ஹோம் சாலைப் பாதுகாப்பு மாநாட்டின் பிரகடனம் கேட்டுக்கொண்டதை, இந்தச் சிறுவனை மனத்தில் வைத்தே நான் படிக்கிறேன். நம் நாட்டில் ஊர்ப் பகுதிகளுக்கான பொது வரம்பு 60 கிலோமீட்டர். அது ஒரு தாமானுக்குள் ஓட்டுவதற்குரிய வேகம் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

சரி, வரம்பை 30 ஆக்கிப் பலகை நட்டுவிட்டால் போதுமா? போதாது. ஓட்டுநர் பெரும்பாலும் வேகமானியைப் பார்த்து ஓட்டுவதில்லை; சாலை தரும் உணர்வைக் கொண்டே ஓட்டுகிறார். கண்ணின் ஓரத்தில் மரங்களும் வேலிகளும் பின்னோக்கி ஓடும் விரைவுதான் அந்த உணர்வு. சாலையோரப் பொருள் மூன்று மீட்டர் பக்கத்தில் இருந்தால் அது கண்ணைக் கடக்கும் விரைவு, ஒன்பது மீட்டர் தள்ளி இருந்தால் மூன்றில் ஒன்றாகக் குறைந்துவிடும். எங்கள் சாலை முன்பு தோட்டத்துச் செம்மண் பாதையாக இருந்தது. இரு புறமும் செம்பனை மட்டைகள் தலைக்கு மேலே கவிந்திருக்க, 40-இல் போனாலே பறப்பதுபோல் இருக்கும் என்று தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளில் வாழ்ந்த பெரியவர்கள் சொல்கிறார்கள். இப்போது மரங்கள் போய்விட்டன. சாலை அகலமாகி, நேராகி, வழவழப்பான தார் பூசப்பட்டு, இரு புறமும் வடிகாலும் புல்வெளியும் விரிந்துகிடக்கின்றன. அதே 40 இப்போது ஊர்வது போலத் தோன்றுகிறது. நெடுநேரம் வேகமாகப் பயணம் செய்த கண் அந்த ஓட்டத்துக்குப் பழகிவிடுகிறது என்பதையும் இதனோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். விரைவுச்சாலையில் அரை மணி நேரம் ஓட்டிவிட்டு ஊருக்குள் திரும்புபவருக்கு, 60 என்பது தாம் நிறையவே வேகத்தைக் குறைத்துவிட்ட நிலையாகப் படும். அவர் பொய் சொல்லவில்லை; அவருடைய கண் அப்படிச் சொல்கிறது.

ஆகவே வேகத்தைக் குறைக்கும் வேலையைச் சாலையின் உருவத்திடமே ஒப்படைக்க வேண்டியிருக்கிறது. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்தில் குடியிருப்புத் தெருக்களையே மரமும் இருக்கையும் வளைவும் கொண்ட முற்றங்களாக மாற்றிப் பார்த்தார்கள். 1976-இல் அந்நாட்டுச் சட்டம் அவற்றைத் தனி வகையாக ஏற்றது. நம் ஊர்களில் கையாளப்படுவது பெரும்பாலும் சாலைக்குக் குறுக்கே போடும் வேகத்தடை மேடு ஒன்றுதான். மேடு போடுவது எளிது, சரியான மேடு போடுவது எளிதன்று என்பதற்கு எங்கள் சாலையே சாட்சி.

இங்கே சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மேடு போடப்பட்டது. குறுக்கே ஓர் அடி அகலம், கரடுமுரடான தார். முதலில் எல்லாரும் மெதுவாக ஏறி இறங்கினார்கள். கொஞ்ச நாளில் இளைஞர்கள் ஒரு விந்தையைக் கண்டுபிடித்தார்கள்: மெதுவாகப் போனால் தூக்கிப்போடுகிறது, வேகமாகப் போனால் ஒன்றும் தெரிவதில்லை. அவர்கள் கண்டது உண்மைதான். காரின் உடல் சுருள்வில்களின் மேல் அமர்ந்திருக்கிறது. அது விநாடிக்கு ஒரு முறை அல்லது ஒன்றரை முறை ஆடும் இயல்புடையது. 30 சென்டிமீட்டர் அகல மேட்டை 60-இல் கடக்க ஒரு சக்கரத்துக்கு விநாடியில் ஐம்பதில் ஒரு பங்குகூட ஆகாது. அதற்குள் சக்கரம் மேலே போய்க் கீழே வந்துவிடும். டயரும் வில்லும் அடியை வாங்கிக்கொள்ளும். கனத்த உடலுக்கு நகர நேரமே கிடைக்காது. அதே மேட்டை 10-இல் கடந்தால் பத்தில் ஒரு விநாடிக்கு மேல் ஆகும். அந்த உதறலை இருக்கையில் இருப்பவர் நன்றாக உணர்வார். உட்கார்ந்திருக்கும் மனித உடல் மேலும் கீழுமான அசைவை மிகக் கூர்மையாக உணர்வது விநாடிக்கு 4 முதல் 8 அதிர்வு என்ற எல்லையில்தான். மெதுவான ஏற்றம் அந்த எல்லையை ஒட்டி விழுகிறது, வேகமான ஏற்றம் அதைத் தாண்டி எங்கோ போய்விடுகிறது. பொறுமையாக ஓட்டுபவரைத் தண்டித்து, விரைபவரை விட்டுவிடும் மேடு அது.

மேடுகளின் வரலாற்றில் ஓர் இயற்பியலாளரின் கையும் உண்டு. 1927-இல் நோபல் பரிசு பெற்ற ஆர்தர் காம்ப்டன், தாம் தலைமை வகித்த, செயிண்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழக வளாகத்தில் கார்கள் விரைவதைக் கண்டு, 1953-இல் அதற்கென்றே மேடுகளை வடிவமைத்தார். ஆனால் இன்று உலகெங்கும் காணும் வடிவத்துக்கு வழிகாட்டியது, 1970-களின் தொடக்கத்தில் பிரிட்டனின் சாலை ஆய்வுக்கூடத்தில் வாட்ஸ் என்பவர் நடத்திய சோதனைகள். பல வடிவங்களின் மேல் பல வகை வண்டிகளை ஓட்டிப் பார்த்து, அவர் தேர்ந்தெடுத்தது வண்டி ஓடும் திசையில் 12 அடி நீளம், அதாவது 3.7 மீட்டர், நடுவில் 10 சென்டிமீட்டர் உயரம் கொண்ட மெல்லிய வில் வளைவு. பிற்காலத்தில் உயரத்தைக் குறைத்தும் போடுகிறார்கள். இதை 30-இல் கடக்க 0.44 விநாடி ஆகும். காரின் உடல் தன் இயல்பில் ஒரு பாதி ஆட்டம் ஆடும் நேரம் அது. மெல்ல ஏறி மெல்ல இறங்கிவிடும். 60-இல் கடந்தால் 0.22 விநாடி, அதாவது விநாடிக்கு நான்கரை அதிர்வுக்கு ஈடு. உடல் மிகக் கூர்மையாக உணரும் எல்லைக்குள் நேராகப் போய் விழுகிறது. மேட்டின் வளைவைப் பின்பற்ற வேண்டிய செங்குத்து முடுக்கமும் நான்கு மடங்காகிவிடுகிறது. ஓரடி மேடு செய்ததற்கு நேர் எதிரான வேலை இது: நிதானமாக வருபவரை விட்டுவிடும், விரைபவரைக் குலுக்கிவிடும்.

ஒற்றை மேடு எவ்வளவு சிறந்ததானாலும் ஒற்றை இடத்தைத்தான் காக்கும். அதைத் தாண்டியதும் கால் ஆக்சிலேட்டரில் அழுந்தும். 25-இல் மேட்டை விட்டு இறங்குபவர் சாதாரணமாக முடுக்கி, அடுத்த மேட்டுக்கு முன் சாதாரணமாகப் பிரேக் பிடித்தால், இடைவெளி 150 மீட்டராக இருக்கும்போது நடுவில் 57 வரை எட்டிவிடலாம். 60 மீட்டராக இருந்தால் 41-ஐத் தாண்ட முடியாது. முதல் மேடும் வண்டி வேகம் பிடிக்கும் முன்பே, வளைவை ஒட்டி வர வேண்டும். நேரான சாலையின் நடுவில், முழு வேகத்தில் வருபவரின் முன்னால் அது திடீரென்று முளைக்கக் கூடாது.

செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் வேறு ஒரு சிக்கல். அவற்றின் வில்கள் கடினமானவை. வெறும் லோரி மேட்டில் ஏறி இறங்கும் சத்தம் விடியற்காலையில் அக்கம்பக்கத்து வீடுகளை எழுப்பிவிடும். நோயாளியைக் கொண்டுபோகும் ஆம்புலன்ஸுக்கும் ஒவ்வொரு மேடும் தாமதம். அதற்கு மேட்டையே துண்டுகளாக்கி, இடைவெளி விட்டுப் போடுவார்கள். அகலமான சக்கர இடைவெளி உடைய லோரியும் ஆம்புலன்ஸும் துண்டின் இரு பக்கமாகப் போய்விடும். குறுகிய காருக்கு ஒரு பக்கச் சக்கரமாவது ஏறித்தான் ஆக வேண்டும்.

பொறுமை இழந்து தாங்களே இரவோடிரவாகச் சிமெண்டு கொட்டி மேடு போடுபவர்களின் மனவேதனையை நான் அறிவேன். ஆனாலும் அதைச் செய்யாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஊராட்சி மன்றத்தின் அனுமதி வேண்டும் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் மோட்டார் சைக்கிள். இந்நாட்டில் சாலை விபத்தில் இறப்பவர்களில் பத்தில் ஆறு பேருக்கும் மேல் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். வண்ணம் பூசாத, கூரான விளிம்புள்ள மேட்டை இருட்டில் கண்டுகொள்ளாமல் ஏறும் இரு சக்கர வண்டிக்கு, நான்கு சக்கரக் காருக்குள்ள நிலைப்பு இல்லை.

நாங்கள் இப்போது எழுதிக்கொண்டிருக்கும் மனுவில் "மேடு வேண்டும்" என்று மட்டும் கேட்கவில்லை. கம்பத்துக்குக் கம்பம் எடுத்த விநாடிகளை நாள், நேரத்தோடு இணைத்திருக்கிறோம். 3.7 மீட்டர் நீளம், 60 மீட்டர் இடைவெளி, லோரிக்கான பிளவு என்று வரைபடத்தில் குறித்திருக்கிறோம். முதல் மேட்டை வளைவிலுள்ள விளக்குக் கம்பத்துக்கு நேர் கீழே போட்டுக் காட்டியிருக்கிறோம். பொழுது விடியும் முன் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தின் காலை ஆள்கணக்குக்கு, மோட்டாரில் போகிறவர்களின் கண்ணுக்கு அங்கேதான் அது தெரியும்.