ஸ்டிமுலேஷன்: கரண்ட் வைக்கிறதா, தூண்டலா?

கடலூர், பாண்டி பக்கம் யாரையாவது மனநல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறோம்னு சொன்னா வர்ற மொத கேள்வியே "மண்டைல கரண்ட் வைப்பாங்களா?" தான். டிப்ரஷன்ல இருக்கிற காலேஜ் பையனுக்கு டாக்டர் பிரெய்ன் ஸ்டிமுலேஷன்னு சொன்னா வீட்ல அழுகையே ஆரம்பிச்சிடும், ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சிக்கிட்டு.

ஸ்டிமுலஸ்னா லத்தீன்ல மாட்ட ஓட்டுற தார்க்குச்சி. குத்தினா நடக்கும். தமிழ்ல இதுக்கு தூண்டல்னு சொல்றோம், தூண்டுகோல்னா வெளக்குத் திரி மங்கும்போது லேசா தள்ளி விடுற குச்சி, என்னக் கேட்டா லத்தீன விட நம்ம வார்த்தை தான் இந்த வைத்தியத்துக்குப் பொருத்தம்.

ஊர்ல கரண்ட் வைக்கிறதுன்னு சொல்றது ஈ.சி.டி (எலெக்ட்ரோகன்வல்சிவ் தெரபி). 1938ல ரோம்ல செர்லெட்டியும் பினியும் ஆரம்பிச்சது. மின்சாரத்தால வலிப்பு வர வைக்கிறதால மின்வலிப்பு சிகிச்சைன்னு சொல்லலாம். சினிமால காட்டுற மாதிரி கட்டிப்போட்டு எல்லாம் இல்ல, 2017 மனநலச் சட்டப்படி மயக்க மருந்து இல்லாம குடுக்கவே கூடாது, மைனர் பசங்கன்னா கார்டியன் சம்மதமும் அந்தச் சட்டப்படி இருக்கிற மனநல மறுஆய்வு போர்டு அனுமதியும் வேணும்.

அந்தப் பையனுக்கு டாக்டர் சொன்ன ஸ்டிமுலேஷன் டி.எம்.எஸ், அதாவது ட்ரான்ஸ்க்ரேனியல் மேக்னட்டிக் ஸ்டிமுலேஷன். ட்ரான்ஸ்னா ஊடாக, க்ரேனியம்னா மண்டையோடு, ஆக மண்டையோட்டின் ஊடான காந்தத் தூண்டல், வாய் வலிக்குது, காந்தத் தூண்டல்னே சொல்லிடலாம். 1985ல இங்கிலாந்து ஷெஃபீல்டுல பார்க்கர் குழு செஞ்சு காட்டினது. நெத்திக்கு இடது பக்கம் மேல ஒரு காயிலை (கம்பிச் சுருள்) வச்சு டக் டக்னு காந்தத்துடிப்பு குடுப்பாங்க, மாறுற காந்தம் உள்ள சின்னதா மின்சாரத்த உண்டாக்கும் (ஃபாரடே 1831ல கண்டுபிடிச்ச அதே விஷயம்), அதனால கரண்டே இல்லன்னு சொன்னா அது பொய். ஆனா மயக்க மருந்து கெடையாது, பையன் முழிச்சிட்டே உக்காந்திருப்பான், பொதுவா வாரத்துக்கு அஞ்சு நாள்னு நாலு லேர்ந்து ஆறு வாரம் போகணும். தலைவலி வரலாம், வலிப்பு ரொம்ப அபூர்வம்.

அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ இத டிப்ரஷனுக்கு, பெரியவங்களுக்கு 2008லயும், 15 லேர்ந்து 21 வயசுக்கு மத்த சிகிச்சையோட சேர்த்துக் குடுக்க 2024லயும் ஓகே சொல்லிச்சு. ஆனா 12 லேர்ந்து 21 வயசு 103 பேர வச்சு 2021ல வந்த ஆராய்ச்சில நெஜ காந்தத்துக்கும் டம்மிக்கும் பெருசா வித்தியாசம் தெரியல, அதனால இத மாயாஜாலம்னு விக்கிறவங்கள நம்பாதீங்க.

மூளைத் தூண்டல்னு மட்டும் சொன்னா ரெண்டுமே அதுல அடங்கும். ஜிப்மர் ஓபியோ தனியார் கிளினிக்கோ, மின்வலிப்பா காந்தமான்னு கேட்டுட்டு, தலைக்குள்ள உலோக க்ளிப், காக்ளியர் இம்ப்ளான்ட் (காது கேக்க வைக்கிற கருவி) மாதிரி எதாவது இருந்தாலோ முன்னாடி ஃபிட்ஸ் வந்திருந்தாலோ டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லிடுங்க.