ஆயிரம் பேர் பதில் சொன்னார்கள், சரி. யார் அவர்கள்?

"கூகுள் ஃபார்ம் போட்டு வாட்ஸ்அப்பில் விட்டோம் சார், ரெண்டே நாளில் ஆயிரம் பேர் பதில் கொடுத்துட்டாங்க." சந்தை ஆய்வுத் தொழிலில் இருக்கும் எனக்கு இப்படி அடிக்கடி போன் வரும். பேசுகிறவர் பெரும்பாலும் சிறுதொழில் செய்பவர். மசாலாப் பொடி, ஊறுகாய், குழந்தைகள் உடுப்பு என்று ஏதோ ஒன்றில் சொந்தப் பணத்தைப் போட்டிருப்பார். அந்த ஆயிரம் பதில்களை நம்பித்தான் அடுத்து மெஷின் வாங்கப் போகிறார், கடன் வாங்கப் போகிறார். அதனால்தான் இந்த விஷயத்தில் எனக்கு இவ்வளவு அக்கறை.

அந்த லிங்க் யார் கைக்கெல்லாம் போனது என்பதுதான் நான் கேட்கும் முதல் கேள்வி. விசாரித்தால் நண்பர்கள், அபார்ட்மென்ட் குரூப், கூடப் படித்தவர்கள் குரூப், மனைவியின் அலுவலகக் குரூப் என்று வரும். ஆயிரம் பேரும் ஏறக்குறைய ஒரே வட்டம். அவர்களுக்குத் தெரிந்ததுதான் உங்களுக்கும் தெரியும். தெரிந்தவர் செய்யும் தொழில் என்பதால், பிடிக்கவில்லை என்று எழுதவும் அவர்களுக்கு மனசு வராது.

எண்ணிக்கை காப்பாற்றாது என்பதற்கு எங்கள் துறையில் எல்லோரும் படிக்கும் பாடம் 1936-இல் அமெரிக்காவில் நடந்தது. அதிபர் தேர்தலுக்கு முன்பு லிட்டரரி டைஜெஸ்ட் என்ற பத்திரிகை சுமார் 1 கோடி பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டை அஞ்சலில் அனுப்பியது. 20 லட்சத்துக்கும் மேல் திரும்பி வந்தன. அவற்றை எண்ணிப் பார்த்து குடியரசுக் கட்சி வேட்பாளர் ஆல்ஃப் லாண்டன் ஜெயிப்பார் என்று எழுதினார்கள். நடந்தது என்னவென்றால், 48 மாநிலங்களில் 46-இல் அப்போதைய அதிபர் ரூஸ்வெல்ட் ஜெயித்தார். முகவரிகளைத் தொலைபேசிப் பட்டியலிலிருந்தும் கார் பதிவுப் பட்டியலிலிருந்தும் எடுத்திருந்தார்கள். பொருளாதாரம் படுத்துக் கிடந்த அந்தக் காலத்தில் போனும் காரும் வைத்திருந்தவர்கள் யார்? அதோடு, சீட்டு கிடைத்தவர்களிலும் திருப்பி அனுப்பியது ஒரு பகுதியினர்தான். அனுப்பாதவர்களின் மனநிலை வேறாக இருந்தது. அதே தேர்தலில் ஜார்ஜ் கேலப் என்ற கருத்துக் கணிப்பாளர் அதைவிட மிகச் சிறிய சாம்பிளை வைத்துக்கொண்டு ரூஸ்வெல்ட்தான் என்று சரியாகச் சொன்னார். பத்திரிகை 1938-இல் நின்றுபோனது.

குலுக்கல் முறையில் சரியாகத் தேர்ந்தெடுத்த 400 பேரிடம் கேட்டால் பிழை சுமார் 5 சதவீதப் புள்ளி மேலே கீழே இருக்கும். 1000 பேர் என்றால் சுமார் 3. கைக்குக் கை மாறிப்போன லிங்க்குக்கு இந்தக் கணக்கு பொருந்தவே பொருந்தாது. அறிக்கையில் "பிழை 3 சதவீதம்" என்று போட்டிருந்தால், ஆட்களை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேளுங்கள். பதில் வாட்ஸ்அப் என்றால் அந்த வரியை அடித்துவிடலாம்.

அதற்காக ஆன்லைன் சர்வே வேண்டாம் என்று சொல்லவில்லை. செலவு குறைவு, வேகம் அதிகம், முகம் பார்த்துச் சொல்லத் தயங்குவதைக்கூட மக்கள் எழுதிவிடுவார்கள். லிங்க்கை அனுப்பும் முன்பே யார் யார் எத்தனை பேர் வேண்டும் என்று எழுதி வைத்துவிடுங்கள்: ஊர், வயது, வீட்டுக்குச் சாமான் வாங்குவது யார், இப்போது எந்தப் பொருளைப் பயன்படுத்துகிறார்கள். ஒவ்வொரு வழிக்கும் தனி லிங்க் கொடுங்கள். எந்தக் குரூப்பிலிருந்து எத்தனை வந்தது என்று அப்போதுதான் தெரியும். ஆன்லைனில் சிக்காதவர்களுக்குப் போன் போடுங்கள், அல்லது கடை வாசலில் ஒரு ஆளை டேப்லெட்டோடு நிறுத்துங்கள். வருமானத்தை நேராகக் கேட்காதீர்கள், யாரும் உண்மை சொல்வதில்லை. இந்திய ஆய்வாளர்கள் வெகுகாலமாகக் கையாண்ட முறை, குடும்பத்தில் முக்கியமாகச் சம்பாதிப்பவரின் படிப்பையும், ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் மாதிரி 11 பொருட்களில் வீட்டில் எத்தனை இருக்கின்றன என்பதையும் கேட்பது. அதைச் சொல்வதில் யாருக்கும் கூச்சமில்லை.

அடுத்து கேள்விகள். இங்கேதான் பணம் அதிகம் வீணாகிறது. இட்லி மாவு பாக்கெட் விற்க நினைக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் எழுதும் முதல் கேள்வி அநேகமாக இப்படி இருக்கும்: "சுத்தமான, சுவையான, ரசாயனம் சேர்க்காத மாவு நியாயமான விலையில் வீட்டுக்கே வந்தால் வாங்குவீர்களா?" யார்தான் மாட்டேன் என்பார்கள்? ஒரே வரிக்குள் சுத்தம், சுவை, ரசாயனம், விலை, டெலிவரி என்று ஐந்து விஷயங்கள். ஆமாம் என்று பதில் வந்தால் அது எதற்கு வந்த ஆமாம்? தவிர, இனிமேல் செய்யப்போவதைப் பற்றி மனிதர்கள் சொல்வதைவிட, போன வாரம் செய்ததைப் பற்றிச் சொல்வது எவ்வளவோ நம்பகமானது.

இதையே நான் இப்படிக் கேட்பேன்: "கடந்த 7 நாட்களில் உங்கள் வீட்டில் இட்லி, தோசைக்கு மாவு எங்கிருந்து வந்தது? பொருந்துவதை எல்லாம் தேர்ந்தெடுக்கவும்." கீழே கொடுக்கும் விடைகள்: வீட்டு கிரைண்டரில் அரைத்தது, பக்கத்துக் கடையில் விற்கும் பெயரில்லாத பாக்கெட், பிராண்ட் பெயர் அச்சடித்த பாக்கெட், வேறு வழி, இந்த வாரம் இட்லி தோசை செய்யவில்லை. இரண்டு விதப் பாக்கெட்டையும் பிரிக்காமல் "கடை மாவு" என்று ஒரே விடையாகப் போட்டால், உங்கள் போட்டியாளர் அண்ணாச்சி கடையா, பெரிய கம்பெனியா என்று கடைசிவரை தெரியாது. ஒரே வீட்டில் இரண்டு விடையும் டிக் ஆவதைக் கவனியுங்கள். ஞாயிற்றுக்கிழமை அரைத்தது புதன்கிழமை தீர்ந்துவிடும், வியாழக்கிழமை கடைக்குப் போவார்கள். அப்படிப்பட்ட வீடுகள் நிறைய இருந்தால் கிரைண்டரோடு சண்டை போட வேண்டியதில்லை. அந்த வியாழக்கிழமையைப் பிடித்தால் போதும். அப்புறம் ஒரு திறந்த கேள்வி: "கடைசியாக வாங்கிய மாவு பாக்கெட்டில் பிடிக்காதது என்ன?" சீக்கிரம் புளித்துவிடுகிறது, பாக்கெட் உப்பி ஃபிரிட்ஜில் கசிகிறது, சோடா உப்பு போட்டிருப்பார்களோ என்று பயம். இந்த மாதிரி பத்து வரிகள் கிடைத்தால் அவை ஒரு பெரிய வரைபடத்தைவிட உதவும்.

விலைக்கு "எவ்வளவு கொடுப்பீர்கள்?" என்று கேட்டால் பேரம்தான் பதிலாக வரும். 1976-இல் பீட்டர் வான் வெஸ்டன்டார்ப் என்ற டச்சுக்காரர் நான்கு கேள்விகளாக இதைப் பிரித்துக் கொடுத்தார். எந்த விலையில் தரத்தின் மீதே சந்தேகம் வரும், எந்த விலை மலிவு, எந்த விலை கொஞ்சம் அதிகம் ஆனாலும் யோசித்து வாங்கலாம், எந்த விலையில் வாங்கவே மாட்டீர்கள். நான்குக்கும் வந்த பதில்களை வரைபடத்தில் கோடுகளாகப் போட்டால் அவை வெட்டிக்கொள்ளும் இடங்களில் விலையின் எல்லைகள் தெரியும். சிறு தொழிலுக்கும் தாராளமாக இது கைகொடுக்கும்.

மொழியில் கொஞ்சம் கவனம் வேண்டும். "நுகர்வு இடைவெளி" என்று எழுதாமல் "வாரத்தில் எத்தனை நாள்" என்று எழுதுங்கள். பத்து வரி, ஐந்து கட்டம் உள்ள அட்டவணை போன் திரையில் பாதிதான் தெரியும்; மீதியைத் தேடிப் பார்க்க யாருக்கும் பொறுமை கிடையாது. அனுப்பும் முன்பு ஐந்து பேரைப் பக்கத்தில் உட்காரவைத்து, கேள்வியை வாய்விட்டுப் படித்து என்ன புரிந்தது என்று சொல்லச் சொல்லுங்கள். முகம் சுருங்கும் இடத்தில் கேள்வியைத் திருத்துங்கள்.

பதில்கள் வந்ததும் உடனே சதவீதம் போட உட்காராதீர்கள். எட்டு நிமிடம் பிடிக்கும் படிவத்தை ஒன்றரை நிமிடத்தில் முடித்தவர், எல்லாவற்றுக்கும் நடு விடையையே அழுத்திக்கொண்டே போனவர், பரிசுக் கூப்பனுக்காக நான்கு முறை நிரப்பியவர் எல்லோரும் உள்ளே இருப்பார்கள். இப்போது ஏஐ வைத்து எழுதிய பதில்களும் வருகின்றன. இட்லி மாவைப் பற்றி யாராவது கட்டுரை மாதிரி எழுதியிருந்தால் நின்று பாருங்கள். இதையெல்லாம் நீக்கும் விதியை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். பதிலைப் பார்த்த பிறகு விதி எழுதினால், நமக்குப் பிடிக்காத பதில்தான் முதலில் நீங்கும்.

இன்னொன்று, பலர் கண்டுகொள்ளாதது. முதல் பக்கத்திலேயே பெயரும் போன் நம்பரும் கேட்கிறார்கள், பிறகு அந்த நம்பருக்கு விளம்பர மெசேஜ் அனுப்புகிறார்கள். ஆய்வு என்று சொல்லி விற்பனை செய்வது சந்தை ஆய்வுத் துறையின் நெறிமுறைக்கு நேர் எதிரானது. 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், தரவை எதற்கு வாங்குகிறோம் என்று தெளிவாகச் சொல்லி ஒப்புதல் பெற வேண்டும் என்கிறது. அந்த அறிவிப்பைத் தமிழிலும் படிக்க வழி இருக்க வேண்டும். பரிசு கொடுக்க நம்பர் தேவை என்றால் சர்வே முடிந்த பிறகு தனிப் படிவத்தில், பதில்களோடு இணையாதபடி வாங்குங்கள். பரிசு போய்ச் சேர்ந்ததும் அந்தப் பட்டியலை அழித்துவிடுங்கள்.